குறுக்குக் காற்றில் பெரிய விமானத்தை இறக்குவது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

ஆடி பிறந்தால் வேலூரில் மொட்டை மாடிக் கொடியில் துணி நிற்காது. அந்த மாதங்களில் சென்னையில் விமானம் இறங்கி ஊர் திரும்புகிறவர்களிடம், முக்கியமாக மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்களிடம், பேச்சுக் கொடுத்தால் ஒரே புகார்தான் வரும். “கோணலாவே வந்துச்சு, கடைசியில வெடுக்குன்னு திரும்பி தொப்புன்னு போட்டான்.” அந்தப் பைலட் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை.

இந்த வழிகாட்டி இரண்டு பேருக்காக. ஒருவர், வீட்டுக் கணினியில் எக்ஸ்-பிளேனிலோ மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலோ பெரிய விமானம் ஓட்டிப் பழகுகிறவர். காட்பாடிப் பக்கத்து விடுதி அறைகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. இன்னொருவர், ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து இறக்கையைப் பார்த்துக்கொண்டு வருகிறவர். உண்மையான விமானம் ஓட்டும் பயிற்சிக்கு இது மாற்றாகாது. ஆனால் பைலட் எந்த வரிசையில் யோசிக்கிறார், கைகால்கள் எப்போது என்ன செய்கின்றன என்பது இதைப் படித்தால் தெளிவாகும்.

பெரிய விமானத்துக்கு மட்டும் என்ன தனிச் சிக்கல்?

விமானம் பெரியதாக இருந்தால் காற்று அதை அசைக்காது என்று நினைப்பது இயல்பு. பறக்கும்போது அது காற்றுக்குள்ளேயே மிதக்கிறது. காற்று மொத்தமாக இடமிருந்து வலம் நகர்ந்தால், 2 டன் விமானமும் 250 டன் விமானமும் அதனுடன் சேர்ந்து ஒரே வேகத்தில்தான் பக்கவாட்டில் நகரும். எடை அதிகம் என்பதால் திடீர் வீச்சுக்குக் கொஞ்சம் மெதுவாக அசையும், அவ்வளவுதான். அசைந்தபின் திருத்துவதற்கும் அதே அளவு தாமதமாகும்.

உண்மையான சிக்கல் உடலமைப்பில் இருக்கிறது. சிறிய செஸ்னாவில் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, ஒரு சக்கரத்தில் முதலில் இறங்கிவிடலாம். இறக்கைக்கு அடியில் எஞ்சின் தொங்கும் ஜெட்டில் அந்த வழி பாதி அடைபட்டிருக்கிறது. போயிங் 737-இன் எஞ்சின் தரையிலிருந்து எவ்வளவு கொஞ்ச உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடம் போதாமல் எஞ்சின் உறையின் அடிப்பகுதியையே தட்டையாகச் செய்திருக்கிறார்கள். ஏர்பஸ் ஏ380-இன் இறக்கை முனையிலிருந்து முனைவரை கிட்டத்தட்ட 80 மீட்டர். வெறும் 5 டிகிரி சாய்த்தால் ஒரு முனை மூன்றரை மீட்டர் கீழே போய்விடும். மூக்கைத் தூக்கி இறங்கும்போது பின்னோக்கி வளைந்த இறக்கையின் முனை இன்னும் தாழும். ஆகவே பெரிய விமானத்தின் பைலட்டிடம் இருக்கும் கருவிகள் சிறிய விமானப் பைலட்டிடம் இருப்பவைதான், ஆனால் ஒவ்வொன்றையும் கொஞ்சமாகத்தான் பயன்படுத்த முடியும். கீழே வரும் படிகள் எல்லாமே இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து பிறந்தவை.

முதல் படி: காற்றைப் பிரித்துக் கணக்குப் போடுதல்

ஓடுபாதையின் எண்ணே அதன் திசை. சென்னையின் முக்கிய ஓடுபாதை 07/25. ஒரு முனையிலிருந்து இறங்கினால் மூக்கு ஏறக்குறைய 70 டிகிரியை நோக்கும், மறு முனையிலிருந்து இறங்கினால் 250 டிகிரியை. கட்டுப்பாட்டுக் கோபுரம் “காற்று 230 டிகிரி, 20 நாட்” என்றால் அது எங்கிருந்து வருகிறது என்று பொருள், எங்கே போகிறது என்று அல்ல. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

காற்றுக்கும் ஓடுபாதைக்கும் இடையே உள்ள கோணத்தின் சைன் மதிப்பைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குறுக்குக் காற்று, அதாவது ஓடுபாதைக்குக் குறுக்கே அடிக்கும் பங்கு, கிடைக்கும். கால்குலேட்டர் வேண்டாம், நான்கு எண்களை மனதில் வைத்தால் போதும். 15 டிகிரிக்குக் கால் பங்கு, 30-க்குப் பாதி, 45-க்கு பத்தில் ஏழு, 60-க்கு பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் முழுக் காற்றும் குறுக்கே அடிக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன 230 டிகிரி காற்றில் 25-இல் இறங்கினால் கோணம் 20 டிகிரிதான். குறுக்குக் காற்று 7 நாட். ஆடிக் காற்று அம்மியைப் பறக்கவிட்டாலும், சென்னையின் 25-க்கு அது பெரும்பாலும் எதிர்க்காற்றாகத்தான் முடிகிறது. அதனால் பயப்பட அதில் அதிகம் இல்லை.

விஷயம் மாறுவது பிற்பகலில். கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று நுழையும்போது திசை மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் தாவிவிடும். 130 டிகிரியிலிருந்து 16 நாட் என்று வைத்துக்கொள்வோம். 07-இல் இறங்குபவருக்கு 60 டிகிரி கோணம், 14 நாட் குறுக்குக் காற்று. வேகம் குறைந்திருக்கிறது, குறுக்குக் காற்றோ இரண்டு மடங்கு. சென்னையில் 12/30 என்று இரண்டாவது ஓடுபாதையும் உண்டு. இந்தக் காற்றுக்கு 12-தான் சரியாகப் பொருந்தும். ஆனால் அது நீளம் குறைந்தது, பெரிய விமானங்களுக்கு 07/25-தான் வசதி. இப்படிக் காற்று ஒன்றைக் கேட்கும், நீளம் இன்னொன்றைக் கேட்கும்.

கோபுரம் சொல்லும் காற்று இரண்டு நிமிடச் சராசரி என்பதையும், அது தரையிலிருந்து சுமார் 10 மீட்டர் உயரத்தில் அளந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஆயிரம் அடி உயரத்தில் காற்று பெரும்பாலும் இதைவிட வேகமாகவும் வேறு திசையிலும் இருக்கும். காக்பிட் திரையில் அந்த உயரத்துக் காற்றைக் காட்டும் சிறிய அம்புக்குறி உண்டு. கோபுரம் சொன்னதும் திரை காட்டுவதும் ரொம்ப வேறுபட்டால், வழியில் எங்கோ காற்று மாறப்போகிறது என்று தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: எல்லையை முன்பே முடிவுசெய்தல்

“இந்த விமானம் எவ்வளவு குறுக்குக் காற்றைத் தாங்கும்?” என்று கேட்டால் ஒரே பதில் கிடையாது. சான்றிதழ் விதிப்படி ஒவ்வொரு பெரிய விமானமும் உலர்ந்த ஓடுபாதையில் குறைந்தது 20 நாட் குறுக்குக் காற்றில் பாதுகாப்பாக இறங்கிக் காட்ட வேண்டும். வேகமாக இறங்கும் ரகங்களுக்கு அது 25 வரை போகும். உற்பத்தியாளர்கள் அதோடு நிற்பதில்லை. பலத்த காற்றைத் தேடி ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையம் வரை போவார்கள். ஏ380-ஐ அங்கே கொண்டுபோய்த்தான் சோதித்தார்கள். ஏ320-க்குக் கையேட்டில் உள்ள எண், திடீர் வீச்சையும் சேர்த்து 38 நாட். இது சோதனையில் செய்து காட்டிய அளவு. அதற்கு மேல் விமானம் தாங்காது என்று பொருளில்லை, அதுவரை எல்லாப் பைலட்டும் இறக்கலாம் என்றும் பொருளில்லை.

விமான நிறுவனங்கள் இதற்குக் கீழே தங்கள் எல்லையை வைக்கின்றன. ஓடுபாதை ஈரமானால் அது குறையும், தண்ணீர் தேங்கினால் இன்னும் குறையும். அனுபவம் குறைந்த துணை பைலட் ஓட்டினால் எல்லை தனி. தானியங்கி இறக்கத்துக்கும் தனி எல்லை உண்டு, ஏ320-இல் அது 20 நாட். “கம்ப்யூட்டர்தான் எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறதே” என்று டீக்கடையில் யாராவது சொன்னால் இந்த எண்ணைச் சொல்லுங்கள். காற்று மோசமாகும்போது வேலை மனிதக் கைக்குத்தான் வருகிறது.

இந்தப் படியில் செய்ய வேண்டிய காரியம் ஒன்றே: கீழே இறங்கத் தொடங்கும் முன்பே, எத்தனை நாட் வரை முயல்வது, எத்தனை முறை முயல்வது, முடியாவிட்டால் எந்த ஊருக்குப் போவது, அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று இரண்டு பைலட்டுகளும் வாய்விட்டுப் பேசி முடிவெடுப்பது. சிமுலேட்டரில் இதைச் செய்பவர்கள் அபூர்வம். செய்து பாருங்கள், ஆட்டம் வேறாக இருக்கும்.

மூன்றாம் படி: வேகமும் கிராப் கோணமும்

திடீர் வீச்சு இருந்தால் இறங்கும் வேகத்துடன் கொஞ்சம் கூட்ட வேண்டும். போயிங்கில் பழக்கமான கணக்கு: எதிர்க்காற்றில் பாதி, அதோடு வீச்சால் கூடும் அளவு முழுவதும். குறைந்தது 5 நாட் கூட்டுவார்கள், மேலேயும் ஒரு வரம்பு உண்டு. ஏர்பஸ்ஸில் கணினியே இதைப் பார்த்துக்கொள்ளும். அளவுக்கு மேல் கூட்டினால் ஓடுபாதையில் இறங்காமல் மிதந்துகொண்டே போகும், அது தனித் தொல்லை.

அப்புறம் மூக்கு. குறுக்குக் காற்று இடமிருந்து அடித்தால் மூக்கை இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, பயணப் பாதை மட்டும் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருக்கும்படி வருவார்கள். இதுதான் கிராப். இறக்கைகள் சமமாக இருக்கும், வாலில் இருந்து மூக்கை இடவலமாகத் திருப்பும் ரட்டர் பலகையின் பெடலில் கால் அழுத்தம் இருக்காது, பயணிகள் பக்கவாட்டில் சரிய மாட்டார்கள். வசதியான நிலை இது. 140 நாட் வேகத்தில் வரும் விமானத்துக்கு ஒவ்வொரு 5 நாட் குறுக்குக் காற்றுக்கும் ஏறக்குறைய 2 டிகிரி திருப்ப வேண்டும். 14 நாட் என்றால் 6 டிகிரி, 28 நாட் என்றால் 11 டிகிரிக்கு மேல். ஜன்னல் சீட்டுக்காரருக்கு ஓடுபாதையே கண்ணில் படுவது இந்தக் கோணத்தில்தான்.

புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே தடுமாறுவது பார்வையில். விமானத்தின் மூக்கு காட்டும் இடத்துக்குப் போகிறோம் என்று மனம் நம்பிவிடும். அதை விட்டுவிட்டு, முன் கண்ணாடியில் எந்தப் புள்ளி நகராமல் பெரிதாகிக்கொண்டே வருகிறதோ அந்தப் புள்ளியைப் பாருங்கள். போய்ச் சேரும் இடம் அதுதான்.

நீளமான விமானங்களில் இன்னொன்று சேரும். போயிங் 777-300இஆர்-இல் மூக்குச் சக்கரத்துக்கும் பிரதான சக்கரங்களுக்கும் இடையே சுமார் 31 மீட்டர். 10 டிகிரி கிராபில் பைலட் தன் நாற்காலியை நடுக்கோட்டில் வைத்தால், பின்னால் வரும் சக்கரங்கள் 5 மீட்டருக்கு மேல் விலகிவிடும். வழக்கமான ஓடுபாதை 45 மீட்டர் அகலம்தான். அதனால் பைலட் தான் நடுக்கோட்டிலிருந்து காற்று வரும் பக்கமாக விலகி உட்கார்ந்திருப்பதுபோல் வைத்துக்கொண்டால்தான் சக்கரங்கள் நடுவில் வரும். கண்ணுக்குத் தப்பாகத் தெரிவதுதான் அங்கே சரி.

சக்கரம், ஃபிளாப்ஸ் (இறங்கும்போது இறக்கையின் பின்னால் நீளும் தகடுகள்), வேகம், இறங்கும் வீதம் எல்லாம் மேகத்தில் வந்தால் 1,000 அடியில், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியில் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பொது நடைமுறை. இல்லையென்றால் மேலே ஏறிவிட வேண்டும்.

நான்காம் படி: கடைசி 30 அடி

இங்கேதான் எல்லாம் இருக்கிறது. சில நொடிகளுக்குள் மூன்று வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

முதல் வேலை ஃப்ளேர். சுமார் 30 அடி உயரத்தில் மூக்கை மெல்ல இரண்டு மூன்று டிகிரி தூக்கி, இறங்கும் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, கிராபை எடுப்பது. காற்று இடமிருந்து வருகிறது என்றால் வலது ரட்டர் பெடலை நிதானமாக அழுத்தி மூக்கை ஓடுபாதைக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். மூக்கு வலப்பக்கம் திரும்பும்போது இடது இறக்கை முன்னோக்கி வீசுகிறது, அதன் தூக்குவிசை கூடுகிறது. பின்னோக்கி வளைந்த இறக்கை என்பதால் காற்றடிக்கும் பக்கம் இன்னும் மேலே எழும். விட்டால் விமானம் வலப்பக்கம் சாய்ந்து, காற்றோடு சேர்ந்து ஓடுபாதைக்கு வெளியே நகரும். ஆகவே கால் வலப்பக்கம் அழுத்தும் அதே கணத்தில் கை, விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகையான எய்லரானை இடப்பக்கம் திருப்ப வேண்டும். கையும் காலும் எதிர்த் திசைகளில் போக வேண்டும்.

நேரம்தான் இதில் நுட்பம். சீக்கிரம் மூக்கை நேராக்கினால் காற்று விமானத்தைப் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்கிவிடும். கனமான விமானம் உடனே நகராது, அதன் பழைய போக்கு ஓரிரு நொடி நிற்கும். அந்த ஓரிரு நொடிதான் பைலட்டின் சொத்து. அதற்குள் சக்கரம் தரையைத் தொட்டுவிட வேண்டும். “அருமையா இறக்கினான்” என்று பெயர் வாங்குவதற்காக மிதக்கவிட்டால் அந்தச் சொத்து கரைந்துவிடும். குறுக்குக் காற்றில் தொப்பென்று இறங்குவதைப் பைலட் விரும்பித்தான் செய்கிறார். ஈரமான தளத்தில் சக்கரம் அழுத்தமாகப் பதிவதும் நல்லதுதான். மெத்தென்ற இறக்கத்துக்குக் கைதட்டுகிற நம் பழக்கத்தை இந்த ஒரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கிராபை முழுவதும் எடுக்க வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. பலத்த காற்றில் முழுவதும் எடுத்தால் காற்றுப் பக்கம் அதிகமாகச் சாய்க்க வேண்டியிருக்கும், எஞ்சின் தரையில் உரசும் அபாயம் வரும். அதனால் ஏர்பஸ் பயிற்சியில் ஏறக்குறைய 5 டிகிரி வரை கிராபை மிச்சம் வைத்து, 5 டிகிரி வரை சாய்வுடன் இறங்குவதை ஏற்கிறார்கள். போயிங்கிலும் மூன்று வழிகள் சொல்வார்கள்: ஃப்ளேரில் கிராபை எடுப்பது, கிராபோடே தொடுவது, முன்கூட்டியே நேராக்கி இறக்கையைத் தாழ்த்தி வருவது. மிக வழுக்கலான ஓடுபாதையில் கிராபோடே தொடுவது மேல். உலர்ந்த தளத்தில் அப்படிச் செய்தால் டயரும் சக்கரக் கால்களும் பக்கச் சுமையை வாங்கும், விமானம் காற்று வரும் ஓரத்தை நோக்கி ஓடப் பார்க்கும். பி-52 குண்டுவீச்சு விமானத்தில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பிரதான சக்கரங்களையே 20 டிகிரி வரை திருப்பும்படி செய்துவிட்டார்கள். மூக்கு ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம் என்று அது இறங்குவதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். பயணிகள் விமானங்களில் அந்த வசதி இல்லை.

ஐந்தாம் படி: தரை தொட்ட பின்

சக்கரம் தொட்டதும் பாதிக் கதைதான் முடிந்தது. வால் செங்குத்துத் துடுப்பில் காற்று மோதி மூக்கைக் காற்று வரும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருக்கும். மூக்குச் சக்கரத்தைத் தாமதிக்காமல் கீழே வையுங்கள். எய்லரானைக் காற்றுப் பக்கமே வைத்திருங்கள், ரட்டரால் நடுக்கோட்டைப் பிடியுங்கள். வேகம் குறையக் குறைய ரட்டருக்குப் பலம் போய்விடும், அதற்கேற்பப் பெடல் அழுத்தம் கூட வேண்டும்.

ஈரத் தளத்தில் ஒரு கண்ணி உண்டு. விமானம் கொஞ்சம் கோணலாக வழுக்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் விசையை முன்னோக்கித் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸ் திரஸ்ட்டை முழுதாகக் கொடுத்தால், அந்த இழுவிசை மூக்குக்கு நேர் பின்னால் போகும், ஓடுபாதைக்கு நேர் பின்னால் அல்ல. விளைவு, காற்றோடு சேர்ந்து அதுவும் விமானத்தை ஓரத்துக்கு இழுக்கும். உள்ளுணர்வு “இன்னும் பலமாகப் பிரேக் பிடி” என்று சொல்லும். செய்ய வேண்டியது நேர் எதிர்: ரிவர்ஸைக் குறைத்து, பிரேக்கை விட்டு, ரட்டரால் மூக்கை நேராக்கி, நடுக்கோட்டுக்கு வந்தபின் மறுபடி நிறுத்தத் தொடங்குவது.

எப்போது விட்டுவிட்டு மேலே ஏறுவது

2008 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், எம்மா புயலில், லுஃப்தான்சாவின் ஏ320 ஒன்று ஓடுபாதை 23-இல் இறங்க முயன்றது. காற்று வலப்பக்கத்திலிருந்து, வீச்சு 47 நாட் வரை. இடது சக்கரம் தொட்டது, விமானம் இடப்பக்கம் சாய்ந்தது, இடது இறக்கை முனை தரையில் உரசியது. பைலட்டுகள் உடனே மேலே ஏற்றிவிட்டார்கள், யாருக்கும் காயமில்லை. ஒரு சக்கரம் தரை தொட்டதும் கணினி தரைநிலைக்கு மாறி, பக்கவாட்டுக் கட்டுப்பாட்டின் அளவைக் குறைத்துவிட்டது என்று விசாரணையில் தெரியவந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இரண்டாம் முறை அவர்கள் ஓடுபாதை 33-இல் இறங்கினார்கள். காற்றுக்கு அது எவ்வளவோ நேர். முதல் படியில் போட வேண்டிய கணக்கு கடைசியில் வந்து நின்றது.

நமக்குப் பக்கத்து உதாரணம், 2024 நவம்பர் 30. ஃபெங்கல் புயல் கரையை நெருங்கிய அன்று சென்னையில் இறங்க வந்த ஒரு ஏ320 தரையை ஒட்டி வந்து ஆடி, சாய்ந்து, இறங்காமல் மேலேறிய காட்சி எல்லார் கைப்பேசியிலும் ஓடியது. “உயிர் தப்பிய” என்று தலைப்புப் போட்டார்கள். நான் பார்த்தவரை, சாய்ந்ததும் தயங்காமல் மேலே ஏற்றியதுதான் அந்தக் காட்சியில் சரியாக நடந்த விஷயம். நடுக்கோட்டை விட்டு விலகினால், சாய்வு அடங்காவிட்டால், தொட வேண்டிய இடத்தைத் தாண்டி மிதந்தால், ஏறிவிட வேண்டும். ரிவர்ஸ் திரஸ்ட்டை இழுக்கும் வரை அந்தக் கதவு திறந்தே இருக்கும். இழுத்தபின் கிடையாது.

வீட்டில் பழகும் வரிசை

வேலூரை ஒட்டிய அப்துல்லாபுரத்து ஓடுதளம் சிறிய விமானங்களுக்கானது, அதில் பெரிய ஜெட் பழக முடியாது. பழைய வடாற்காட்டுக்குள் பெரிய விமானத்துக்கு ஏற்ற ஓடுபாதை வேண்டுமென்றால் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-இல் தொடங்கிய இந்தக் கடற்படைத் தளத்தில் 4 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓடுபாதை இருக்கிறது. 737-ஐ அடிப்படையாகக் கொண்ட பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன. திரையில் மட்டும் பழகுங்கள், வேலியோரம் போய்ப் படமெடுக்கிற ஆசை வேண்டாம். நீளம் தாராளம் என்பதால் மிதந்தாலும் இடம் மிச்சமிருக்கும், தொடக்கத்துக்கு நல்லது.

காற்று வீச்சில்லாமல், ஓடுபாதைக்குச் செங்குத்தாக 10 நாட் வைத்துத் தொடங்குங்கள். கிராபை எடுக்கும்போது கையும் காலும் எதிரெதிராகப் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள், எங்கே இறங்குகிறது என்பதை அப்போதைக்கு விட்டுவிடலாம். அது பழகியபின் 20 நாட். பிறகு அதே 20-இல் 8 நாட் வீச்சு சேருங்கள். அப்புறம் மழை. கடைசியாகச் சென்னைக்குப் போய், மேற்கிலிருந்து 07-க்கு, தென்கிழக்குக் கடல்காற்றில் இறக்குங்கள். 1,500 அடியில் மேற்குக் காற்றும் தரையில் கடல்காற்றும் இருக்கும்படி அமைத்தால் பாதி வழியில் கிராப் கோணம் மாறுவதைப் பார்க்கலாம். இதில் இரண்டு முறை மேலே ஏற நேர்ந்தால் மூன்றாவது முறை பெங்களூருக்குத் திருப்பிவிடுங்கள், எரிபொருள் கணக்கோடு. பெடல் வாங்கப் பணமில்லை என்றால் ஜாய்ஸ்டிக்கைத் திருகினால் ரட்டர் அசையும் வகை போதும். விசைப்பலகையை வைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைத் தொடாதீர்கள்.